செட்டிபாளையத்துக் கூரைகளில் கல்நார்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில், கல்முனை வீதியோரமாக இருக்கிறது செட்டிபாளையம். உப்புக்காற்றில் தகரம் விரைவில் துருப்பிடித்து ஓட்டையாகும். ஓடு போடுவதென்றால் கைமரமும் சிலாகையும் நெருக்கமாக அடிக்க வேண்டும், செலவு கூடும். அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார் சீற் துருவும் பிடிக்காது, மரமும் அதிகம் கேட்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் எழுந்த வீடுகள் பலவற்றுக்கு இதுவே கூரையானது.

சீற்றின் பெரும்பங்கு சீமெந்து. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார் இழை. இலங்கைக்கு வந்தது பெரும்பாலும் ரஷ்யாவின் கிறிசோடைல் என்னும் வெண்கல்நார். கூரையில் கிடக்கும் வரை இழையைச் சீமெந்து இறுக்கிப் பிடித்திருக்கும். வெயிலும் மழையும் சீமெந்தை அரிக்க அரிக்க, இழை கழன்று பீலியின் கசடிலும் தாவாரத்து மண்ணிலும் சேரும். பாசியை உரசிக் கழுவினாலும் அதுவே நடக்கும்.

மிக ஆபத்தான வேலை பழைய கூரையைக் கழற்றுவது. ஓடாவி குறுக்கே பலகை போட்டு நின்று, துருவேறிய ஆணியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்புவார். ஆணி அசையாது; சீற்றின் மூலை உடையும். உடைந்த விளிம்பில், சாம்பல் நிறச் சீமெந்துக்குள்ளிருந்து வெண்குஞ்சங்கள் பிரிந்த கயிற்று நுனிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். கல்நார் இல்லாத புதிய சீற்றுகளிலும் மரக்கூழ் இழையோ செயற்கை இழையோ இருப்பதால், கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

அதனால் ஆய்வுக்கு மாதிரி எடுப்பவர் உடைந்த இடத்தை நனைத்து, நகக்கண்ணளவு துண்டை எடுத்து, இரட்டைப் பொலித்தீன் பையில் அடைத்து, எடுத்த இடத்தை அதன்மேல் எழுதுவார். ஆய்வுகூடத்தில் மென்அமிலத்தால் சீமெந்தைக் கரைத்து, மிஞ்சும் இழையை ஒளிவிலகல் எண் 1.550 உள்ள திரவத்தில் இட்டு, முனைவாக்க ஒளி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். கிறிசோடைல் நெளிந்து, நுனி பிளந்து தெரியும். இன்னொரு வகையான நீலக்கல்நார் நேராக, விறைத்து நிற்கும்.

இடிபாட்டுக் குப்பையில்தான் சிக்கல். மண், மரத்தூள், சுண்ணாம்பு எல்லாம் கலந்திருக்க, கிறிசோடைலின் தனி இழை ஒரு மில்லிமீற்றரின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே இருக்கும். ஒளி நுணுக்குக்காட்டிக்கு அது எட்டாது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அது உட்துளையுள்ள குழாயாகத் தெரியும். எக்ஸ்-கதிர்ப் பகுப்பில் மக்னீசியமும் சிலிக்கனும் வெளிப்படும். சோடியமும் இரும்பும் தெரிந்தால் நீலக்கல்நார். அது நுரையீரலில் இன்னும் நெடுங்காலம் தங்கும்.

எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் முடிவு. நுரையீரல் உறையில் வரும் புற்று வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இளவயதில் கூரை ஏறியவர் முதுமையில் இருமும்போது, பழைய சீற்றை யாரும் நினைப்பதில்லை. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்த இலங்கை தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, ஒரு வண்டைக் காரணம் காட்டி இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. அதைத் தொடர்ந்து கல்நார்த் தடை தள்ளிப்போனது. தேயிலை தப்பியது; தொழிலாளிக்கு வரவேண்டிய காப்பு வரவில்லை.

சோதித்துப் பார்க்காத பழைய சீற் எதையும் கல்நார் உள்ளதாகவே கொள்ளுங்கள். நனைத்து, ஆணியை வெட்டி, முழுதாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளைக் குழி நிரப்பவோ வேலியோரம் கொட்டவோ கொடுக்காதீர்கள்.