ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.. சொன்னது என் லேப்டாப்!

பெங்களூர் வந்து இறங்கியதும் நம்ம ஆட்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கன்னட வாக்கியம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". பஸ்ஸில், வீட்டு ஓனரிடம், ஆட்டோவில் எங்கேயும் இதுதான். 2009-ல் வந்தவன் நான், கேட்டுக் கேட்டு எனக்கே வாயில் ஒட்டிக்கொண்டது. ஆனால் 2025 ஏப்ரலில் என் லேப்டாப்பே என்னைப் பார்த்து இதைச் சொன்னபோது கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

முதலில் சூழ்நிலை. மார்ச் கடைசியில் வேலை போச்சு. காலண்டரில் திடீரென்று முளைக்கும் பதினைந்து நிமிஷ மீட்டிங் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆபீஸ் லேப்டாப்பை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாச்சு. வீட்டில் மிச்சம் இருந்தது 2018-ல் வாங்கின சொந்த லேப்டாப். பொண்ணு படம் வரைய, தங்கமணி சமையல் வீடியோ பார்க்க என்று ஓடிக்கொண்டிருந்தது. இனி அதுதான் எனக்குச் சோறு போடணும்.

முதல் இண்டர்வியூ. ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் ஸ்க்ரீன் ஷேர், நடுவில் கோடு எழுதணும். இருபதாவது நிமிஷம் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்த ஆரம்பித்தது. நான் அடித்த எழுத்து மூன்று விநாடி கழித்துத் திரையில் வருது. அந்தப் பக்கம் இருந்தவர் "நெட் பிராப்ளமா?" என்றார். ஆமாம் சார் என்று கூசாமல் பொய் சொன்னேன். ரெண்டு நாளில் "ஆல் தி பெஸ்ட்" மெயில் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பதினாறு வருஷம் சாஃப்ட்வேர் எழுதினவனுக்கு மெஷினுக்குள் என்ன நடக்குதுன்னு தெரியலை. வெட்கமாத்தான் இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். வேலை வந்தால் 3.4 வரை ஏறணும். ஏறுது. பத்து நிமிஷத்தில் இறங்கி 1.1-ல் நின்றுவிடுகிறது. வெப்பம் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் 99 டிகிரி!

இது கோளாறு இல்லை, தற்காப்பு. பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொடும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறார்கள். 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்துக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்த பிராசசர்களின் மேலிருந்த ஹீட்சிங்கைக் கழற்றி வீடியோ எடுத்தார்கள். அன்றைய ஏ.எம்.டி. ஆத்லான் புகைந்து செத்தது. பென்டியம் 4 மட்டும் நத்தை வேகத்துக்கு இறங்கி, ஆனால் உயிரோடு ஓடியது. அப்புறம் எல்லாச் சிப்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. நம்ம மெஷின் "சாமி, எரிஞ்சு போறதுக்குப் பதிலா மெதுவா ஓடுறேன், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்கிறது. அவ்வளவுதான்.

நூறு டிகிரிக்கு ஏன் போச்சு? சிப் மேல் ஒரு செப்புத் தகடு, அதிலிருந்து ஒரு செப்புக் குழாய். குழாய்க்குள் துளியூண்டு திரவம். சூடான முனையில் ஆவியாகி, மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து திரும்பி வரும். அந்த மறுமுனையில் மெல்லிய உலோகச் சீப்பு மாதிரி இருக்கும், ஃபேன் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். இதில் எது கெட்டாலும் சூடு வெளியேறாது. இன்னொரு விஷயம், பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கு. எங்க தூத்துக்குடியை விட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் கம்மி. அதே ஃபேன், அதே சுழற்சி, ஆனால் தள்ளுகிற காற்று கொஞ்சம் குறைவு. பெரிய காரணம் இல்லை, ஆனாலும் "குளுகுளு பெங்களூர்" என்று ஊரில் பீத்திக்கொள்பவர்கள் கவனிக்க :)

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போனேன். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு இந்தச் சாதர் பத்ரப்பா ரோடு. டவுன்ஹால் பக்கம் இறங்கி நடந்தால் வயர், மதர்போர்டு, கேமரா என்று கொட்டிக் கிடக்கும். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. இருபத்தஞ்சு வயசுப் பையன் பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்கிவிட்டு ஃபேனைக் கழற்றினான். "சார், ஒளகே நோடி" என்றான். ஃபேனுக்கும் சீப்புக்கும் நடுவில் தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு தூசிப் பட்டை! வெளியிலிருந்து ஊதினால் இது தெரியவே தெரியாது. ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதினான். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போயிடுமாம். காய்ந்து சுண்ணாம்பாக இருந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அரிசி அளவு புது பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, வயர் பிய்ந்து டேப் சுற்றியிருந்த என் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தெருவில் 650 ரூபாய்க்கு ஒரு டூப்ளிகேட் சார்ஜர் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த வரியை ஞாபகம் வச்சுக்குங்க.

திங்கள்கிழமை காலை பதினோரு மணிக்கு ரெண்டாவது இண்டர்வியூ. ஒத்திகை பார்க்கலாம் என்று ஞாயிறு ராத்திரி திறந்தால், மெஷின் நகரவே மாட்டேங்குது. முன்னே இருபது நிமிஷமாவது ஓடும், இப்போ ஆரம்பத்திலிருந்தே ஆமை. வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸ். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பையன் எதையோ உடைச்சிட்டான், நாளைக்குக் கடை திறந்ததும் போய் நாலு வார்த்தை கேட்கணும் என்று கத்திக்கொண்டிருந்தேன். "முதல்ல மெதுவாப் பேசுங்க, பாப்பா தூங்குறா" என்றார் தங்கமணி.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன். அப்பா நாற்பது வருஷம் கிணற்று மோட்டார் காயில் கட்டினவர். கம்ப்யூட்டர் தெரியாது. "என்னல, குரலே சரியில்ல?" என்றார். லேப்டாப் கதையைச் சொன்னேன்.

"இப்பவும் சூடாவுதா?"

பார்த்தேன். 52 டிகிரி. சூடே இல்லை!

"அப்போ இது பழைய நோய் இல்லல. மோட்டார் ஓடலைன்னா காயிலை மட்டும் குத்தம் சொல்லக் கூடாது, லைனப் பாக்கணும். சரி, நேத்து புதுசா என்னத்த மாத்துன?"

சார்ஜர்! பிடுங்கினேன். அடுத்த விநாடி 0.79 என்பது 3.2 ஆனது.

விஷயம் இதுதான். பல லேப்டாப் சார்ஜர் முனையில் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நான் இந்த சார்ஜர், இத்தனை வாட்" என்று அது வழியாகத்தான் மெஷினுக்கு அடையாளம் போகும். அடையாளம் தெரியாத சார்ஜர் என்றால், அதை நம்பி முழு வேகத்தில் ஓட மெஷின் துணியாது. பிராசசரை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும், பேட்டரியையும் சார்ஜ் ஏற்றாது. பார்த்தால் பேட்டரி 61 சதவீதத்திலேயே நின்றிருந்தது. அதையும் நான் கவனிக்கலை.

அப்பா விடலை. "இவ்வளவு பாடு எதுக்கு? ஆபீஸ்ல வேற மெஷின் தரமாட்டாங்களா?" என்றார்.

மூணு வாரமாக மறைத்தது அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "முதல்லயே சொல்லிருக்கலாம்லய்யா. சரி, நல்ல சார்ஜரா வாங்கு. காசு அனுப்பட்டுமா?" என்றார். பெற்றவர்களுக்குக் காசு அனுப்பிப் பழகினவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பேட்டரி தாங்காது என்பதால் காலையில் கீழ்வீட்டுக்காரரிடம் அதே மாடல் ஒரிஜினல் சார்ஜரை இரவல் வாங்கினேன். ஐம்பது நிமிஷ இண்டர்வியூ, வெப்பம் 80-ஐத் தாண்டலை. அந்த வேலை கிடைக்கலை (கேள்விக்கே பதில் தெரியலை, மெஷின் மேல் பழி போட வழியில்லை!). ஜூனில் வேறொன்று கிடைத்தது.

உங்கள் மெஷின் மெதுவானால், ஒரு சின்ன வரிசை:

1. முதலில் வேகத்தையும் வெப்பத்தையும் ஒன்றாகப் பாருங்கள். 95-க்கு மேல் போய் வேகம் குறைந்தால் தூசி, பேஸ்ட், ஃபேன்.

2. சூடு இல்லாமலே வேகம் 0.8-க்கும் கீழே ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

3. அவசரத்துக்கு விண்டோஸ் பவர் அமைப்பில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும், சூடும் குறையும். இது மருந்து இல்லை, தைலம்தான்.

4. மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். காற்று உள்ளே போகிற வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கு.

எஸ்.பி. ரோடு பையனிடம் போய் நாலு வார்த்தை கேட்காமல் விட்டேனே, அதுவே பெரிய புண்ணியம். பிறகு அவனிடமே சொல்லித்தான் ஒரிஜினல் சார்ஜர் வாங்கினேன்.

அப்பா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் கேட்பது, "மோட்டார் எப்படி ஓடுது?" லேப்டாப்பைத்தான் கேட்கிறாரா என்று நானும் கேட்டதில்லை. நல்லா ஓடுதுப்பா என்று சொல்லிவிடுவேன்.