நாங்கள் மறைத்த ஓர் இரவு

பிறர் ஏமாந்த கதையைக் கேட்கும்போது நமக்கெல்லாம் அறிவு மிகுந்துவிடுகிறது. "இதுகூடவா தெரியவில்லை?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். சென்ற ஆண்டுவரை நாங்களும் அப்படிக் கேட்டவர்களே. இன்று எங்கள் கதையை நாங்களே எழுத நேர்ந்திருக்கிறது.

கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் வாழும் தம்பதியர் நாங்கள். எங்களுள் ஒருவர் இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. மற்றவர் அந்தச் சம்பளத்தை மாதக் கடைசிவரை இழுத்துச் செல்லும் நிதியமைச்சர். சென்ற கோடையில் எங்களைக் காண வந்திருந்த மாமியார் சென்னைக்குத் திரும்புவதற்காகக் கோரமண்டல் விரைவு வண்டியில் இடம் பதிவு செய்திருந்தோம். இலவசப் பாஸில் மாமியாருக்கு இடமில்லை. ஆகவே பணம் கட்டி வாங்கிய சீட்டு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவருக்குக் காய்ச்சல் கண்டது. பயணத்தை ரத்து செய்தோம்.

சீட்டுப் பணம் நான்கு நாளாகியும் வரவில்லை. பொறுத்திருந்தால், எந்தக் கணக்கிலிருந்து கட்டினோமோ அந்தக் கணக்குக்கே அது தானாகத் திரும்பியிருக்கும். பொறுக்கவில்லை. கைப்பேசியில் உதவி எண்ணைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்தோம். அழைத்தவர் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை; இருவரும் சேர்ந்தே ஏமாந்தோம்.

மறுமுனையில் முதலில் இந்தி ஒலித்தது. எங்கள் இந்தியைக் கேட்டதும், "சார், நீங்கள் தமிழா? எனக்கும் தஞ்சாவூர்ப் பக்கந்தான்" என்றது அக்குரல். அயல் மண்ணில் தாய்மொழி காதில் விழுந்தால் உருகாத நெஞ்சம் உண்டோ? அவ்விடத்திலேயே எங்கள் காவல் தளர்ந்தது. வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வந்தது. அதன் வழியே ஒரு செயலியை இறக்கினோம். அது கேட்ட அனுமதிகளுக்கெல்லாம் தலையசைத்தோம். வங்கி அட்டையின் எண்களை நிரப்பினோம். குறுஞ்செய்தியாக வந்த ஆறு இலக்க ஓ.டி.பி.யையும் வாய்விட்டுச் சொன்னோம். கணக்கிலிருந்து 4,900 ரூபாய் மறைந்தது. குரலும் மறைந்தது.

இனித்தான் எங்கள் உண்மையான பிழை தொடங்குகிறது. இரயில்வேக்காரன் வீட்டிலேயே இரயில் சீட்டின் பெயரால் ஏமாற்று! அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள்? சங்கத்து நண்பர்கள் என்ன நினைப்பார்கள்? "போனது போகட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று முடிவு செய்து விளக்கை அணைத்தோம். அடுத்த அறையில் படுத்திருந்த மாமியாரிடமும் மூச்சு விடவில்லை. பொழுது விடிந்தபோது மேலும் இரு முறை, முறைக்கு 9,000 ரூபாயாகப் பணம் போயிருந்தது. நாங்கள் இறக்கிய செயலி, வந்த குறுஞ்செய்திகளை இரவெல்லாம் அந்தக் கள்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 4,900 ரூபாயைப் பறித்தவன் அவன். 18,000 ரூபாயைப் பறித்தது எங்கள் வெட்கம்.

காலையில் எங்கள் வாடிய முகத்தைக் கண்டு விசாரித்தவர் ஒரு தெலுங்கு நண்பர். நிலைய அதிகாரியாகப் பணிபுரிபவர். நடந்ததை அறிந்ததும் அவர் நகைக்கவில்லை. உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் செய்தார். இணையவழிப் பண மோசடியைத் தெரிவிப்பதற்கென்று நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. விரைந்து சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் இடைவழியிலேயே நிறுத்திவைக்க வழியுண்டு. வங்கியில் அட்டையை முடக்கினோம், செயலியை நீக்கினோம், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்தோம். பல மாதங்களுக்குப் பின் 6,000 ரூபாய் திரும்பிற்று. எஞ்சியது போனதுதான்.

அன்று நண்பர் சொன்ன விளக்கம் எங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. இரயில்வேயில் ‘பிரைவேட் நம்பர்’ என்றொரு முறை உண்டு. கேட் மூடியாயிற்றா என்று நிலைய அதிகாரி தொலைபேசியில் கேட்டால், காவலாளி "மூடிவிட்டேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. தம்மிடமுள்ள இரகசியத் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்ன எண்ணை அடித்துவிடுவார். அது மறுபடி பயன்படாது. கேட்டை மூடாமல் எண்ணைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. "எண்ணைச் சொல்வது வெறும் பேச்சன்று, கையெழுத்து" என்றார் அவர். ஓ.டி.பி.யும் அத்தகையதே. அதைச் சொன்ன கணமே, "இந்தப் பணத்தை எடுத்துக்கொள்" என்று நாம் ஒப்பமிட்டவர்கள் ஆகிறோம்.

அதன் பின்னர் எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் ஏற்பட்டன. ஓ.டி.பி. வந்தால் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. செய்தி முழுவதையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கிறார். பெரும்பாலும் தொகையும், பிறரிடம் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே வேண்டும் என்பதை மாமியாரும் இப்போது அறிவார். வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்து எடுக்கிறோம்; இரயில் விசாரணைக்கு 139. இணைப்பாக வரும் செயலியை இறக்குவதில்லை. அன்றாடச் செலவுக்குச் சிறு தொகையுள்ள தனிக் கணக்கு. சேமிப்புக் கணக்குக்கு அட்டையே இல்லை.

இவை அனைத்தினும் மேலான பழக்கம் ஒன்றுண்டு: மறைக்காமை. ‘டிஜிட்டல் கைது’ என்று முதியோரை மிரட்டுகிறவர்களும் "யாரிடமும் சொல்லாதே" என்றே கட்டளையிடுகிறார்கள். அப்படியொரு கைது சட்டத்திலேயே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எடுத்துரைத்தார். நம் மௌனமே அவர்களுடைய முதலீடு.

ஆதலால் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்தவர் யாரேனும் உங்கள் வாயிற்படி ஏறி வந்தால், "இதுகூடவா தெரியவில்லை?" என்று கேளாதீர்கள். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சித்தான் நாங்கள் ஓர் இரவு முழுவதும் வாய் திறவாதிருந்தோம். முதலில் 1930ஐ அழைத்துக் கொடுங்கள்; அறிவுரையை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.