ஸ்பீக்கர் பையிலேயே இருக்கட்டும்

ஏப்ரல் வந்தால் நம்ம காலேஜில் ரெண்டு விஷயம் நிச்சயம்: இன்டர்னல், அப்புறம் நீலகிரி ட்ரிப். ரெண்டாவதுக்குக் கேமராவோட கிளம்புறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க.

போன வருஷம் நாங்க நாலு பேர் மேட்டுப்பாளையம் வழியா கார்ல கோத்தகிரி ஏறினோம். வனத்துறை அனுமதியோட காலையிலேயே லாங்வுட் சோலைக்குள் போயாச்சு. தேடிப்போனது நீலகிரி சோலைக்கிளி. பேரைக் கேட்டு பச்சைக்கிளின்னு நினைச்சுடாதீங்க. சிட்டுக்குருவி அளவுதான், கருநீல உடம்பு, செம்பழுப்பு வயிறு. புதருக்கடியில், தரையோரமாகவே திரியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள மலைகளில் மட்டும்தான் இருக்கு. தெற்கே இருப்பது இதன் உறவுக்கார இனம். 2017-ல் இவற்றுக்கு வைத்த பேரினப் பெயர் 'சோலிகோலா'. ஆமா, நம்ம சோலைதான்!

பாட்டு கேட்டுக்கிட்டே இருந்தது, பறவையைத்தான் காணோம். வெளியே நல்ல வெயில், சோலைக்குள் இருட்டு. ஐஎஸ்ஓ 3200 வைத்தும் ஷட்டர் 1/125-ஐத் தாண்டவில்லை. அப்போதான் ஒருத்தன் சொன்னான்: "மச்சி, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல அதோட பாட்டைப் போடு. தானா வெளிய வரும்."

வரும்தான். ஏன் வரும்னு யோசிச்சீங்களா? இளவேனிலில் ஆண் பறவை நமக்காகப் பாடுவதில்லை. "இது என் இடம்" என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லுது, துணையைக் கூப்பிடுது. நம்ம ஸ்பீக்கர் அதுக்கு எல்லைக்குள் நுழைந்த எதிரி. இரை தேடுவதை விட்டுட்டு, இல்லாத எதிரியைத் துரத்த ஓடி வரும். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற சீசனும் இதுதான். நாம ஒரு தடவைதான் போடுவோம். ஆனா அடுத்த வாரம் இன்னொரு கேங் வருமே? அழியும் ஆபத்தில் இருக்கிற இனம் வேற.

கொஞ்ச நேரம் காரசாரமா வாக்குவாதம். கடைசியில் ஸ்பீக்கர் பைக்குள் போச்சு. ஓடைக்கரையில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தோம். அட்டை கடிச்சது தனிக்கதை. திடீர்னு எதிரே ஒரு வேர் மேல வந்து நின்று பாடியது. மூணு ஃப்ரேம். ரெண்டு ஷேக், மூணாவதில் குறுக்கே ஒரு குச்சி. இன்ஸ்டாவில் லைக் நாற்பதைத் தாண்டலை.

நீங்க போனால், குச்சியை ஒடிக்காதீங்க, கூட்டுப் பக்கம் போகாதீங்க, போஸ்ட்டில் சரியான இடத்தை டேக் பண்ணாதீங்க. பாடும்போது பறவை ஒரே இடத்தில் நிற்கும். கிளிக் பண்ண அதுதான் நேரம். அது வராமலே போனாலும் பரவாயில்லை, பாட்டைக் கேட்டுட்டு வாங்க.