மருந்தின் நிறம்

க்ளோஃபாசிமினை 1950களில் டப்ளினில் வின்சென்ட் பாரியின் குழு தயாரித்தது க்ஷயரோகத்துக்காகத்தான். அதில் சோபிக்கவில்லை. குஷ்டரோகத்துக்குப் போய்ப் பேர் வாங்கிற்று. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டுச் சிகிச்சையில் அதுவும் ஒன்று. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத க்ஷயக் கிருமிகள் பெருகியதும் பழைய வேலைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள், டெபுடேஷனில் போனவன் தாய் ஆபீசுக்குத் திரும்புகிற மாதிரி. ஆனால் தோலைக் கறுக்கவைக்கும் குணத்தையும் கூடவே கொண்டுவந்தது.

தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் டாக்டர் சவுரி முத்து ஆரம்பித்தபோது இந்நோய்க்கு மருந்தே கிடையாது. காற்று, ஓய்வு, ஆகாரம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சிட்லபாக்கத்தில் என் அக்கா வீடு. அவள் மகளுக்குச் சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. "என்னடி இப்படிக் கறுத்துட்டே?"

நம் கதைகளில், சினிமாவில், க்ஷயரோகி வெளுத்து, இருமி, அழகாகச் சாவான். கறுத்துப் பிழைக்கிறவளை யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தினால் என்ன என்று அக்கா என்னைத் தனியாகக் கேட்டாள். ஒன்றை விட்டால் மிச்ச மருந்துகளுக்கும் கிருமி பழகிவிடும், நிறம் பிற்பாடு மெல்லத் திரும்பும், மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம் என்றேன்.

"அதுக்குள்ள அவளுக்கு வயசாயிடுமேடா."

இன்னும் ஐந்து மாதம் பாக்கி. சாப்பிட்டு முடித்ததும் அவளே எடுத்து விழுங்குகிறாள். அந்த நேரம் பார்த்து அக்கா அடுக்களைக்குள் போய்விடுகிறாள்.