குமிழ் சுற்றியது

அப்பாவின் கேமராவுக்கு எங்கள் குடும்பத்தில் கெட்ட பெயர். 1986-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அத்தைக்குக் கல்யாணம். அப்பா 36 படங்கள் எடுத்தார். ஒன்றுகூட விழவில்லை. கழுவக் கொடுத்த கடையில் சுருளை வெறும் கண்ணாடித்தாள்போலத் திருப்பித் தந்து, "பிலிம் சரியா மாட்டல" என்று சொல்லிவிட்டார்கள். தாலி கட்டியதற்கு அத்தையிடம் இருக்கும் ஒரே சாட்சி, மறுநாள் ஸ்டூடியோவில் போய் எடுத்துக்கொண்ட படம்.

அன்றிலிருந்து காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவானாலும் யாராவது ஒருவர், "கிராணி கையில மட்டும் கேமராவ குடுத்துடாதீங்க" என்பார். தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் விடாமல் ஒரே பதிலைச் சொல்வார். "குமிழ் சுத்திச்சு. நான் பார்த்தேன்."

அந்தப் பதில் எவ்வளவு நியாயமானது என்பது போன மாதம்தான் எனக்குப் புரிந்தது. பிலிம் ஒழுங்காக மாட்டியிருந்தால், ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் இடப்பக்கக் குமிழ் தானாகச் சுழலும். கழன்று கிடந்தால் அசையாது. அப்பா சொன்னது உண்மையானால், கோளாறு வேறெங்கோ இருந்திருக்க வேண்டும்.

அலமாரியின் மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது கேமரா கையில் கிடைத்தது. கெனனெட் ஜி-3 கியூஎல்-17. ஜப்பானில் 1972-இல் வெளிவந்த மாடல். அப்பா ஈப்போவில் பழையதாக வாங்கியது. லென்ஸின் ஓரத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை. பின்கதவுப் பஞ்சு உருகிக் கரும்பிசினாக ஒட்டியது. கைப்பிடியை இழுத்துப் பொத்தானை அழுத்தினேன். இறங்கவே இல்லை.

இதற்குக் காரணம் எளிது. அபர்ச்சர் வளையம் 'ஏ'யில் இருந்தது. தானியங்கி நிலையில் பேட்டரி செத்துப்போனால் இந்தக் கேமரா பொத்தானைப் பூட்டிவிடும். இதற்கான பழைய பாதரச பேட்டரி இப்போது கடைகளில் கிடையாது. ஆனால் அப்பாவின் காதுக்கருவியில் போடும் பொத்தான் பேட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய அதேதான். அளவில் சிறியது என்பதால், சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்துப் பொருத்தினேன். முள் அசைந்தது. 'டிக்' என்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மகிழ்ச்சி ஒரு நிமிடம்தான். பின்கதவைத் திறந்து, கேமராவைச் சன்னலை நோக்கிப் பிடித்து மறுபடி அழுத்தினேன். 'டிக்' கேட்டது, வெளிச்சம் வரவில்லை. பத்து முறை அழுத்தியும் அதே இருட்டு.

லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் ஒரு கணம் விரிந்து மூடினால்தான் படம். அவை ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக உள்ள சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். தகடு திறக்காவிட்டாலும் மாப்பிள்ளை தெரிவார், மணப்பெண் தெரிவாள், எண் நகரும், குமிழும் சுற்றும். அப்பா முகூர்த்தத்தை முழுதாகப் பார்த்திருக்கிறார். பிலிம் பார்க்கவில்லை.

முப்பத்தெட்டு வருடத்துக் கேலிக்கு முடிவு கட்டப்போகிறேன் என்ற உற்சாகத்தில் அவரிடம் இதை விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, "ஒட்டிக்கிச்சுன்னா ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடு தம்பி, இளகிடும்" என்றார்.

"ஐயோ, எண்ணெய்தாம்ப்பா நோயே. தகட்டுல எண்ணெய் படவே கூடாது. ஈரக் கண்ணாடி ரெண்டு ஒட்டிக்குமே, அப்படிப் பிடிச்சுக்கும்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "வெளி வளையத்துல விட்டாக்கூட உள்ள இறங்குமா?"

கல்யாணத்துக்கு முதல் நாள் லென்ஸ் வளையம் இறுக்கமாக இருந்ததாம். அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து இரண்டு சொட்டு விட்டிருக்கிறார்.

விடுதலைத் தீர்ப்பு கொண்டு போனவன் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டேன். அந்தக் காலத்துக் கேமராக்களில் உள்ளே இருக்கும் பழைய மசகே நம் வெயிலில் கசிந்து தகட்டுக்குப் போகும், எந்த பிராண்டும் விலக்கில்லை, உங்கள் எண்ணெய்தான் என்று யாரும் சொல்ல முடியாது என்றேன். பொய்யில்லை, அதுவும் நடக்கக்கூடியதுதான். அப்பா காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நான் வேலையைத் தொடர்ந்தேன். முன்வளையத்தைத் திருகக் கருவி எதுவும் இல்லை. கை கழுவும் தொட்டியின் ரப்பர் அடைப்பானை வைத்து அழுத்தித் திருகினேன், கழன்றது. முன் கண்ணாடித் தொகுதியை எடுத்ததும் தகடுகள் மினுமினுத்தன. உலர்ந்து கிடக்க வேண்டிய எஃகில் அந்த மினுக்கு இருக்கக் கூடாது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தடவி, அழுத்தி, துடைத்து, மறுபடி தடவினேன். தாராளமாக ஊற்றினால் கரைந்த எண்ணெய் பின் கண்ணாடிக்கு ஓடிவிடும். இருபது முறைக்குமேல் அழுத்திய பிறகு தகடு சோம்பலாக விரிந்தது. அப்புறம் படபடவென்று.

மறுநாள் காலையில் மீண்டும் ஒட்டியிருந்தது. திரவம் ஆவியாகிவிட்டது, கரைந்த எண்ணெய் அங்கேயே படிந்துவிட்டது. ஒரே இரவில் சரியாகிவிட்டதாக நம்பி மூடியிருந்தால் அத்தையின் கல்யாணக் கதைதான் திரும்பியிருக்கும். மூன்று நாள் துடைத்தேன். நான்காம் நாள் காலை, முதல் அழுத்தலிலேயே சன்னல் வெளிச்சம் பளிச்சென்று வந்தது.

பிலிம் வாங்கினேன். விலையை அப்பாவிடம் சொல்லவில்லை. தெலுக் இந்தானில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அவரையும் கேமராவையும் ஏற்றிக்கொண்டு போனேன். எண்ணெய் விஷயத்தை நான் சொல்வதில்லை என்று வழியெல்லாம் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். தேநீர் வருவதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார்.

"பிலிம் சரியாத்தான் மாட்டுனேன். எண்ணெய் விட்டதுதான் தப்பாப் போச்சு."

அத்தை அவரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டா எடுங்கண்ணே. ஒன்னு விழலன்னாலும் இன்னொன்னு இருக்கட்டும்."