குதித்து நிற்கத் தெரிந்த கால்

கணுக்கால் பிசகுவதை நம் மைதானங்களில் யாரும் பெரிய காயமாக எடுத்துக்கொள்வதில்லை. முழங்காலில் அடி என்றால் வீடே பதறும். கால் மடங்கியது என்றால் ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, தெரிந்தவரிடம் ஒருமுறை நீவிவிட்டு, வீக்கம் வடிந்த மறுநாளே ஷூவைக் கட்டிவிடுவார்கள். சில மாதம் கழித்து அதே கால் மறுபடி மடங்கும். அப்புறம் அது வழக்கமாகிவிடும். படி இறங்கும்போதுகூட மடங்கும். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டாக என் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது, மூன்றாவது மடக்கத்தோடுதான். இந்தக் கால்களுக்கு வேண்டியது ஓய்வும் தைலமும் மட்டும் இல்லை. குதித்து இறங்கவும், இறங்கிய இடத்தில் அசையாமல் நிற்கவும் அவற்றுக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மூட்டின் அமைப்பைப் பார்த்தால் ஏன் என்று புரியும். கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் தங்கள் நுனியால் தாலஸ் என்ற எலும்பை இரு பக்கமும் அணைத்துப் பிடித்திருக்கின்றன. அந்தத் தாலஸ் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பகுதி இடுக்கில் வந்து இறுகிக்கொள்ளும். விரல்களைக் கீழே நீட்டினால் குறுகலான பகுதி வந்து மூட்டு தளரும். குதித்து இறங்குகிறவரின் கால்விரல் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் தரையைத் தொடுகிறது. ஆக, மூட்டு மிகவும் தளர்ந்திருக்கும் அந்தக் கணத்தில்தான் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. பாதம் அப்போது சற்றே உட்பக்கம் திரும்பியிருந்தால் போதும். வெளிக்கணுவிலிருந்து தாலஸுக்குப் போகும் லிகமெண்ட் முதலில் கிழியும். விசை கூடினால் குதிகால் எலும்புக்குப் போகும் லிகமெண்டும் சேர்ந்து போகும்.

வாலிபால் ஆடுகிறவர்களிடம் இதை நான் அதிகம் பார்க்கிறேன். நடுக்கோட்டைத் தாண்டிப் பாதம் எதிரணிப் பக்கம் போகலாம், பாதத்தில் ஒரு பகுதியாவது கோட்டின்மேலோ கோட்டுக்கு நேர் மேலாகவோ இருந்தால் சரி என்கிறது விதி. ஸ்பைக் அடிப்பவர் ஓடிவந்து குதித்து வலைக்கு அடியில் இறங்குகிறார். பிளாக் போட எழும்பியவரும் அங்கேயே இறங்குகிறார். ஒருவர் பாதத்தின்மேல் இன்னொருவர் பாதம். இருவருடைய கண்ணும் பந்தில். கீழே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

மிடில் பிளாக்கராக ஆடும் ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தாள். வலது கால், பலமுறை மடங்கியது. "சார், நடந்தா வலியே இல்ல, ஓடினாலும் ஒண்ணும் தெரியல. பிளாக் போட்டு இறங்கறப்ப மட்டும் கால் என்னோடது இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன், நின்றாள். தரையில் மூன்று கோடாக டேப் ஒட்டி, காயப்பட்ட காலில் நின்றபடி மற்றக் காலை ஒவ்வொரு கோட்டிலும் எட்டும் மட்டும் நீட்டச் சொன்னேன். கால் மாற்றியும் செய்யச் சொன்னேன். முன்பக்கக் கோட்டில் இரண்டு காலுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. இந்த எட்டுதலில் இரு கால்களுக்கும் இடையே 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் கவனமாகிவிடுவேன். அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், அந்த அளவு வித்தியாசம் இருந்தவர்களுக்குக் கால் காயம் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது.

பிறகு ஒரு தாழ்வான பெஞ்சிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கச் சொல்லி, செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். நேரில் பார்க்கையில் குறையே தெரியவில்லை. படத்தை மெதுவாக நகர்த்தியபோது தெரிந்தது. தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றில் இருக்கும்போதே, அவள் வலது பாதத்தின் வெளி ஓரம் கீழே சாய்ந்திருந்தது. விரல்கள் தரையைத் தேடி நீண்டிருந்தன. இறங்கியதும் கணுக்காலின் முன்பக்கத் தசைநாண்கள் துள்ளின, விரல்கள் தரையைக் கவ்வின, முழங்கால் உள்ளே போனது. இடது காலில் இவை எதுவும் இல்லை. அவளிடமே போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். சொல்லிப் புரியவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இந்தக் காற்றில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றுக்கும் மூலம். பாதம் திடீரென்று பிரண்டால் அதை வெளிப்பக்கம் இழுத்துக் காப்பாற்ற வேண்டியவை பெரோனியஸ் தசைகள். கீழ்க்காலின் வெளிப்புறமாக இறங்கி வெளிக்கணுவின் பின்னால் சுற்றிப் பாதத்துக்குப் போகின்றன. பிரளல் தொடங்கி அந்தத் தசை பதில் கொடுக்கவே ஏறத்தாழ 60 முதல் 80 மில்லி விநாடி ஆகும். பதில் வந்த பிறகு தசை இறுகி இழுவிசை பிறக்க இன்னும் நேரம் வேண்டும். அதற்குள் லிகமெண்ட் கிழிந்து முடிந்திருக்கும். எனவே, மடங்கும்போது கால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று நம்புவதில் பயனில்லை. தரையைத் தொடும் முன்பே அந்தத் தசை விழித்திருக்க வேண்டும், பாதம் சரியான கோணத்தில் காத்திருக்க வேண்டும். ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பாதத்தை ஆட்டும் பயிற்சி தசைக்குப் பலம் தரும். அதை நானும் கொடுக்கிறேன். ஆனால் எப்போது விழிக்க வேண்டும் என்பதை அது கற்றுத்தராது. அதைக் குதித்துத்தான் கற்க முடியும்.

இந்தச் சிந்தனைக்கு வழி திறந்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஃப்ரீமன். லிகமெண்ட் கிழியும்போது அதற்குள் இருக்கும் உணர்வு நரம்புகளும் சேதமாகின்றன, அதனால்தான் கால் நிலை தவறுகிறது என்று 1965-இல் சொன்னார். ஆடும் பலகையில் நிற்கவைக்கும் பயிற்சியையும் அவரே முன்வைத்தார். அவருடைய விளக்கத்தில் பின்னால் வந்தவர்கள் திருத்தங்கள் செய்தார்கள். பலகை மட்டும் எல்லா பிசியோதெரபி அறைகளிலும் நிலைத்துவிட்டது. என் பார்வையில் பலகை ஆரம்பப் படிதான். பலகையில் கண்ணை மூடி நிமிடக் கணக்கில் நிற்கிற பிள்ளைகள் வலைக்கு முன்னால் இறங்கும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நிற்பது வேறு திறமை, வந்து நிற்பது வேறு திறமை.

அதனால் நான் நம்புவது ஒற்றைக் காலில் குதித்து நிலைகொள்ளும் பயிற்சியை. மெக்கியான், ஹெர்டல் குழு 2008-இல் வெளியிட்ட நான்கு வார முறைதான் அதற்கு அடிப்படை. முதலில் 18 அங்குலத் தூரம் குதித்து, இறங்கிய காலிலேயே நிலைகொண்டு, திரும்பக் குதித்து, மறுபடி நிலைகொள்ள வேண்டும். பிறகு 27 அங்குலம், அப்புறம் 36. முன்னால், பக்கவாட்டில், குறுக்காக எல்லாத் திசையிலும். பக்கவாட்டில், அதுவும் காயப்பட்ட காலின் வெளிப்பக்கமாகக் குதிப்பது மிகக் கடினம். பயமும் அங்கேதான் இருக்கும், ஆகவே அதை அவசரப்படுத்த மாட்டேன்.

தூரத்தைவிட இறங்கிய பிறகு வரும் சில விநாடிகளைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். கை காற்றில் அலைகிறதா? மற்றக் கால் தரையைத் தொட்டதா? குதிகால் நகர்ந்ததா? இடுப்பு ஒரு பக்கம் சரிந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் குதி கணக்கில் சேராது. சுத்தமாகப் பத்து இறங்கினால்தான் அடுத்த தூரம். "பாதத்தின் ஓரத்தைத் தூக்கு, முழங்காலை வெளியே தள்ளு" என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னால் பிள்ளைகள் விறைத்துப்போகிறார்கள். "சத்தம் வராம இறங்கு" என்று மட்டும் சொல்வேன். உடம்பு தானாகவே முழங்காலையும் இடுப்பையும் மடக்கிக்கொள்ளும். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் இறங்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டாலே எந்தக் கால் என்று சொல்லிவிடலாம். கெட்ட கால் அறைகிற மாதிரி விழும்.

அது பழகியபின் கண்ணைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். குதிக்கும்போது பந்தை எறிந்து பிடிக்கச் சொல்வேன். எந்தத் திசை என்பதைக் காற்றில் இருக்கும்போது சொல்வேன். எழும்பும் சமயத்தில் தோளில் லேசாகத் தட்டிவிடுவேன். நீளம் தாண்டும் மணல் குழி, மடித்த பாய் என்று தரையை மாற்றுவேன். கடைசியில் வலைக்கு முன்னால், எதிரே ஆள் நிற்க, பிளாக். அந்த மாணவி இந்தப் படிகளையெல்லாம் ஏறி மறுபடி ஆடத் தொடங்கியபோது, பயிற்சிக்கு முன் இந்தக் குதிகளைத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். அணியின் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பாதத்தை மேலே மடக்கும் அசைவு குறைந்த கால்களுக்கு அதை முதலில் மீட்க வேண்டும். குதிகால் தரையில் இருக்க, முழங்காலால் சுவரைத் தொட்டு தினமும் அளந்தால் போதும். பிரேஸ், டேப்பிங் இரண்டையும் நான் வேண்டாம் என்பதில்லை. மறுகாயத்தைக் குறைப்பதில் பிரேஸின் பங்கு ஆய்வுகளில் தெளிவாக இருக்கிறது. பிரேஸ் போட்டுக்கொண்டு பயிற்சியை விட்டுவிடுவதுதான் தவறு. மூட்டே மெய்யாகத் தளர்ந்துபோய்ப் பயிற்சிக்கும் அடங்காத சிலருக்கு, ஸ்வீடன் மருத்துவர் புரோஸ்ட்ரோம் 1966-இல் எழுதிய முறையின் வழியில் லிகமெண்டைத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பின்னும் இதே குதிகளுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

இதற்குப் பலன் உண்டா என்று கேட்கும் பயிற்சியாளர்களிடம் இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன். நார்வேயில் ரோல்ட் பார் குழு வாலிபால் அணிகளுக்கு எழும்பி இறங்கும் உத்தியையும் பலகைப் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தது. கணுக்கால் காயங்கள் பாதியளவுக்குக் குறைந்ததை 1997-இல் எழுதினார்கள். நெதர்லாந்தில் கால் மடங்கிய 522 விளையாட்டு வீரர்களில் ஒரு பகுதியினருக்கு, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் வீட்டிலேயே எட்டு வாரம் செய்யச் சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில் பயிற்சி செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்குக் கால் மறுபடி மடங்கியது, செய்தவர்களில் 22 சதவீதம். 2009-இல் வந்த முடிவு இது. இவை தவிர, டப்ளினில் முதல்முறை கால் மடங்கியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வந்தது. அவர்களில் 40 சதவீதம் பேருக்குக் கால் நிலையாகவே தளர்ந்திருந்தது. காயம் பட்ட இரண்டு வாரத்தில் குதித்து இறங்கும் சோதனைகளை முடிக்க முடியாமல் போனது, யார் அந்த நிலைக்குப் போவார் என்பதை முன்கூட்டியே காட்டிய அடையாளங்களில் ஒன்று.

உடற்கல்வி ஆசிரியர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். கால் மடங்கியதும் நாலு அடி எடுத்துவைக்க முடியாத பிள்ளையை நீவிவிடாமல் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். எலும்பு முறிவு இல்லையென்று தெரிந்து, வலி அடங்கிய பிறகு, வீக்கம் வடிந்ததை மட்டும் பார்த்து ஆட்டத்தில் இறக்காதீர்கள். ஒற்றைக் காலில் குதித்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். நிற்க முடியாத காலுக்கு இன்னும் சில வாரம் கொடுங்கள். தரையில் ஒரு கோடு, தினமும் பத்து நிமிடம், இதற்கு வேறெதுவும் தேவையில்லை.