பின்கட்டில் ஓர் உத்தியோகம்

கல்யாண வீட்டில் மணவறையைப் பார்த்தவர்கள் எல்லோரும் கோட்டையடுப்பைப் பார்த்திருப்பதில்லை. பெரிய கணினிக் கம்பெனிகள் ஆள் எடுக்கும் விதமும் அப்படித்தான். பேட்டி காண்பவரை நம் மாணவர்கள் அறிவார்கள். ஆளைத் தேடிப் பிடிக்கும் 'ரிக்ரூட்ட'ரையும் அறிவார்கள். இவர்களுக்குப் பின்னால், நாளும் நேரமும் குறித்துக்கொண்டு இன்னோர் ஆள் உட்கார்ந்திருப்பது பலருக்குத் தெரியாது. 'ரிக்ரூட்டிங் கோஆர்டினேட்டர்' என்பது அந்த ஆளின் பட்டப் பெயர். இங்கே படிக்க வருமுன் ஹைதராபாத்தில் அத்தகைய கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷம் அந்த உத்தியோகம் பார்த்தேன். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டாம்.

பெயர்தான் பெரிது, வேலை என்னவோ முகூர்த்தம் பார்ப்பது போன்றதுதான். ஒரு மனுதாரருக்கு நான்கைந்து பேட்டிகள். ஒவ்வொன்றும் முக்கால் மணி அல்லது ஒரு மணி. அத்தனை பேட்டியாளர்களுக்கும் ஒழிந்த நேரம் பார்க்க வேண்டும். ஒருவர் பெங்களூரில் இருப்பார், ஒருவர் ஸியாட்டிலில். கோடையில் ஸியாட்டிலின் காலை ஒன்பது நமக்கு இரவு ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதே ஒன்பது நமக்குப் பத்தரை ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இந்தக் கூத்து நீடிக்கும். எல்லாம் கூடி வந்த மாலையில் பேட்டியாளர் ஒருவர் 'அவசர வேலை' என்று ஒற்றை வரி எழுதி விலகிக்கொள்வார். பிறகென்ன, மறுபடியும் பிள்ளையார் சுழி!

எத்தனை பேட்டி போதும் என்று கூகுள் கம்பெனியார் ஒரு சமயம் கணக்கே போட்டுப் பார்த்தார்கள். நான்கு பேட்டிகளிலேயே 86 சதவீத உறுதியோடு முடிவு செய்துவிடலாம், அதற்கு மேல் வைப்பதில் லாபம் அற்பமே என்று, அங்கே ஊழியர் நிர்வாகத்தைக் கவனித்து வந்த லாஸ்லோ பாக் 2015-இல் வெளிவந்த தம் நூலில் சொல்கிறார். அந்தக் கணக்கு எங்கள் காரியாலயம் வரை வந்து சேரவில்லை போலும். ஏழு பேட்டி நடத்திவிட்டு எட்டாவது கேட்டவர்களும் உண்டு.

நம்மவர்களுடைய பெயர் விவகாரம் தனிக் கதை. மனுப் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் மேலே நகர முடியாது. ஒருவர் தகப்பனார் பெயரை முழுதும் எழுதுவார்; ஒருவர் இனிஷியலை மட்டும் எழுதுவார்; இன்னொருவர் தம் பெயரையே இரண்டு தரம் எழுதித் தப்பித்துக்கொள்வார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கும், பட்டச் சான்றிதழில் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும். வேலை உறுதியான பிறகு சான்றிதழ் சரிபார்க்கும் ஏஜென்ஸி, இந்த மூவரும் ஒருவர்தானா என்று கேட்டு எழுதும். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலோர்க்குக் கிடையாது என்று விளக்கிக் கடிதம் ஒன்றை எழுதியே வைத்திருந்தேன். எத்தனை தரம் அனுப்பினேனோ, கணக்கில்லை. அந்த உத்தியோகத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அதுவே என்று எனக்கு ஓர் எண்ணம்.

தேறியவரை ரிக்ரூட்டர் தாமே கூப்பிட்டு வாழ்த்துவார். தேறாதவர்க்குக் கடிதம் என்னிடமிருந்து போகும். வாசகம் முன்பே எழுதி வைத்தது. பெயரை மட்டும் மாற்ற வேண்டும். காரணம் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்ன காரணத்தைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவார்கள் என்ற அச்சம் அதற்கு அடிப்படை. தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன், நான்கு பேட்டியும் முடித்தவன், கடிதம் கிடைத்த அரை மணியில் கூப்பிட்டான். நேரம் குறித்தபோதே என் பேச்சைக் கேட்டு ஊர்க்காரி என்று கண்டுகொண்டிருந்தான்.

"அக்கா, காரணம் வேண்டாம். அடுத்த தரத்துக்கு எதைப் படிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

நால்வர் எழுதிய குறிப்பும் என் முன்னால் திரையில் திறந்து கிடந்தது. மூவர் வேண்டும் என்றும் ஒருவர் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி மனுப் போடலாம் என்றேன். விதி அனுமதித்தது அவ்வளவே. "சரிக்கா" என்று வைத்துவிட்டான். நான் விதியை மீறியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் விதியை வகுத்தவர்கள் ஒரு நாளாவது அந்தத் தொலைபேசியை எடுத்துப் பேசியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் எந்திரமே செய்துவிடும் என்கிறார்கள். நேரம் குறிக்கும் வேலையை எந்திரம் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆளைத் தரம் பிரிப்பது வேறு சங்கதி. அமேஸான் 2014 முதல் அதற்கென ஓர் எந்திரத்தைப் பழக்கிப் பார்த்தது. பழக்கியதோ பத்தாண்டு மனுக்களைக் கொண்டு. அவற்றில் ஆண்களுடையவையே மிகுதி. ஆகவே 'பெண்கள்' என்ற சொல் கண்ட மனுவை அது கீழே தள்ளத் தொடங்கியது. கடைசியில் அந்த முயற்சியையே கைவிட்டார்கள் என்று 2018-இல் ராய்ட்டர் செய்தி வெளியிட்டது.

ஆள் எடுப்பது நின்றால், எடுப்பவர்களுக்கே முதல் சீட்டு. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேல் நீக்கியபோது, ஆள் சேர்க்கும் பிரிவுக்கு அடி அதிகம் என்று மார்க் ஸக்கர்பர்க் தம் அறிக்கையிலேயே எழுதினார். 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நான் ஒப்பந்த ஊழியர். என் விஷயத்தில் நீக்கும் சிரமம்கூட அவர்களுக்கு இருக்கவில்லை. தவணை முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பிறகு நானும் சில மாதம் மனுதாரர் வரிசையில் நின்றேன். வந்த கடிதங்களை முதல் வரிக்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

வேலைவாய்ப்புக் காலம் வரும்போது நம் பிள்ளைகள் 'எந்த நேரமும் சம்மதம்' என்று பணிவாகப் பதில் எழுதுகிறார்கள். அப்படி எழுத வேண்டாம். இரவு பத்தரை மணிப் பேட்டி ஒத்துவராது என்றால் வேறு நேரம் கேளுங்கள். இரண்டு பேட்டிகளுக்கு நடுவே அரை மணி ஓய்வு கேளுங்கள். ஊரில் மின்சாரம் நிற்கும் நாளென்றால் நாளையே மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைப் படிப்பது என்னைப் போன்ற ஓர் ஆள். பேட்டி காண்பவர் அல்ல. நான் பார்த்த வரையில், அவர் நிரப்பும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது.